எங்களுடையது அல்லாத பிளேன்

சண்டைக்காலத்தில் நான் தைத்தவற்றில் பெரிய உருப்படி சட்டையோ கோட்டோ அல்ல, பிளேன். சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மேலிருந்து பார்க்கிற யப்பான்காரனை ஏமாற்ற, மரச்சட்டத்தில் கித்தான் போர்த்திய பொய்ப் பிளேன்களை எங்கள் ஊர்ச் சீனக்குடா விமானத்தளத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சட்டம் அடித்தவர் என் மனைவியின் அண்ணன், தச்சர். கித்தான் தைத்தது நான். என் தையலைக் கிழிக்க ஒருவன் கடல் கடந்து வருவான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

கச்சான் காற்று பிய்த்தெறிந்த ஒரு மத்தியானம், விறகு வெட்டப் போன பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கந்தளாய் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, பற்றைக்காட்டில் ஒரு பிளேன் விழுந்து கிடக்கிறதாம்.

"உங்கடதுதான். மரமும் துணியும்தானே? வேற ஆரின்ர?" என்றார்.

உள்ளே ஆள் இருந்ததா என்று அவரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மெய்யான பிளேன் என்றால் இரும்பு என்பதுதான் எங்கள் எண்ணம். மரத்தையும் துணியையும் நம்பி ஒரு மனிதன் ஆகாயத்தில் ஏறுவான் என்று யார் நினைப்பார்கள்?

சட்டம் அடித்த மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. கயிற்றை ஒழுங்காகக் கட்டவில்லை, காற்று தூக்கிவிட்டது, இனி வேலை போச்சு என்று ஒரே புலம்பல். "வெள்ளைக்காரன் காண முன்னம் இழுத்துக்கொண்டு வந்திடுவம், மச்சான். வா," என்றார். கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம்.

மூக்கு மண்ணில் புதைந்து கிடந்தது. ஒரு இறக்கை முறிந்து தனியாகக் கிடந்தது. நான் முதலில் பார்த்தது தையலைத்தான். என்னுடையது இல்லை. என்னுடையதைவிட நெருக்கமான, அழகான தையல். எங்களுக்குத் தெரியாமல் வேறு எவனுக்கோ வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சான் மோந்து பார்த்தார்.

"பெற்றோல் மணக்குது. பொம்மைக்கு என்னத்துக்குப் பெற்றோல்?"

அப்போதுதான் உள்ளே முனகல் கேட்டது.

நரைத்த மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். பட்டாளத்து உடுப்பு இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும். நெஞ்சுப் பக்கம் முழுவதும் இரத்தம். யார் இவர், எதிரியா, நம்மவரா, பொய்ப் பிளேனுக்குள் எப்படி வந்தார்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முறிந்த இறக்கையின் துணியை அறுத்து, இரண்டு கம்பில் கட்டி, அவரை அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். வழி முழுவதும் அவர் என் சட்டை நுனியைப் பிடித்தபடியே இருந்தார்.

ரோட்டில் சனம் கூடியது. கூடியவர்கள் சிரித்தார்கள். அந்த நாட்களில் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி ஒத்திகை நடக்கும். சிவப்புச் சாயம் பூசிய ஆட்கள் ரோட்டில் படுத்துக் கிடப்பார்கள், வேறு ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சனத்துக்கு அது ஒரு கூத்து.

"இண்டைக்குத் துரையே நடிக்கிறார்!" என்று ஒருவர் கை தட்டினார்.

"இது ஒத்திகையில்லை, ஐயா! மெய்யாக் காயம்!" என்று கத்தினேன்.

"ஒத்திகையிலயும் இப்பிடித்தானே கத்துறவை."

நான் அவரை ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது.

பட்டாளத்து லொறி ஒன்று வந்தது. மறித்தோம். முன்னால் இருந்த வெள்ளைச் சிப்பாய் இறங்கி வந்து, கித்தானையும் கம்பையும் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். ஒத்திகை இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த இங்கிலீசு இரண்டு சொல்தான். "நோ டிரில், நோ டிரில்" என்றேன். தலையை ஆட்டி இன்னும் சிரித்தான். எனக்கு என்ன வந்ததோ, அவன் கையைப் பிடித்து இழுத்து அந்த மனிதரின் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். சூடான ஈரம். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. லொறியில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெற்ற பிள்ளையைப் பிரிவதுபோல எனக்கு அழுகை வந்தது.

சில நாள் கழித்து அந்த லொறியின் சாரதி, அண்ணன் என்ற முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிற கிண்ணியாக்காரர், என் தையல் கடைக்கு வந்தார்.

"ஆள் என்ன மாதிரி, நானா?" என்றேன்.

நானா கதிரையில் உட்கார்ந்தார். விழுந்தவர் தேயிலைத் தோட்டத்துத் துரையாம். சண்டைக்கு முன்னம் பொழுதுபோக்குக்குப் பறக்க வாங்கிய சொந்தப் பிளேனை, சண்டைக்கென்று பட்டாளத்துக்குக் கொடுக்க ஓட்டி வந்தாராம்.

"ஆஸ்பத்திரி வாசல்ல காவல்காரன் மறிச்சுப்போட்டான், தம்பி. இண்டைக்கு ஒத்திகை இருக்கெண்டு தனக்கு ஆரும் சொல்லேல்லையாம். மேல கேட்டுத்தான் விடுவனெண்டு நிண்டான். நான் கத்தினன், சிப்பாயும் கத்தினான். காவல்காரன் சிரிச்சுக்கொண்டு நிண்டான். கேற்றைத் திறக்கேக்க ஆள் முடிஞ்சுது."

காவல்காரனை ஏச வாய் திறந்தேன். கண் மேசைக்குப் போனது. அதில் அடுத்த பொய்ப் பிளேனுக்கான கித்தான் பாதி தைத்தபடி கிடந்தது.