ஆறு கிழமையாக எழுபத்தெட்டுக் கிலோ

இன்று மருந்துக்கடைத் தராசருகே மூன்று பேர்: நான், தங்கச்சி சமீனா, கடைக்கார நானா.

ஆறு கிழமையாக, வாராவாரம் ஏறிப் பார்த்தும், என் நிறை அதே எழுபத்தெட்டு.

நிறை குறைந்தால் முழங்கால் வலியில்லாமல் மடங்கும். கதிரையில் உட்கார்ந்து தொழாமல், நெற்றி நிலத்தில் பட ஸுஜூது செய்யலாம். கடை வாசலால் தெரிந்த துறைமுகத்துக் கப்பலைப் பார்த்தபடி, நெற்றியில் பாயின் குளிர்ச்சி படுவதாக நினைத்துக்கொண்டு தராசிலேயே நின்றுவிட்டேன்.

நானா இருமினார். இறங்கினேன்.

“சாப்பிடுற எல்லாத்தையும் கொப்பியில எழுதுறன் நானா. ஏன் குறையுதில்ல?”

சமீனா சிரித்தாள். “ராத்தா, புள்ளையள்ட பீங்கான்ல மிஞ்சுற சோத்தையும் எழுதுறீங்களா?”

“அது என்ட சாப்பாடில்லையே! சோத்தை வீசினாப் பாவம் எண்டுதானே திங்கிறன்.”

“ஓம், அது வயித்துக்குத் தெரியுமா?”

வீசவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. மிச்சத்தைப் போட வீட்டில் கோழியும் இல்லை.

பிள்ளைகளின் மிச்சச் சோற்றை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பகல் சாப்பாட்டுக்குமுன் இந்தப் பதிவுக்குக் கீழே பதில் போடுங்கள்.