ஏரியலுக்கு அடியில் இருந்த பெயிண்ட்

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெரம்பலூருக்குக் கிழக்கே ஒரு பெரிய நிலக்காரரிடம் நான் கார் ஓட்டினேன். அவர் நிலத்தில்தான் என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு உழைத்து ஓய்ந்து செத்தார்கள். திருச்சி லாரி ஷெட் ஒன்றில் வேலை கற்று வந்ததால் எனக்கு மட்டும் மம்பட்டி போய் ஸ்டியரிங் கிடைத்தது.

அந்தக் காரில் ரேடியோவும், அதற்கு அலை பிடித்துக் கொடுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியல் கம்பியும் இருந்தன. சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எசமான் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு செய்தி கேட்பார். முன்சீட்டில் இருக்கிற எனக்கும் காதில் விழும். என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். கடுதாசி நின்று மாதக்கணக்காகிவிட்டது. அவன் பேரை ரேடியோவில் சொல்லமாட்டார்கள், தெரியும். ஆனாலும் பர்மா என்ற சொல் வந்தால் மூச்சு விடாமல் கேட்பேன்.

ஒருநாள் அரியலூர் போகிற வழியில் புளியங்கிளை அடித்து ஏரியல் முறிந்தது. சென்னையிலிருந்து புதிதாக ஒன்றை வரவழைத்தார். நான்தான் மாட்டினேன். மாலையில் ரேடியோவைத் திருப்பினால் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சல்தான் வந்தது.

"என்னடா பண்ணி வச்சே?" என்றார் எசமான்.

மறுநாள் பூராவும் அதோடு மல்லுக்கு நின்றேன். இஞ்சினை நிறுத்தினால் இரைச்சல் கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. பாட்டரி முனைகளைத் துடைத்து இறுக்கினேன். ஒயரைக் கழற்றி மாட்டினேன். கடைசியில், ஏரியல் ஒயருக்கு மேலே சுற்றியிருந்த கம்பி வலையை ஒரு துண்டுக் கம்பியால், பக்கத்தில் காரின் இரும்பில் இறங்கியிருந்த போல்ட்டோடு சேர்த்துப் பிடித்தேன். இரைச்சல் அடங்கி நாதஸ்வரம் தெளிவாக வந்தது. கம்பியை எடுத்தால் மறுபடி கடுகு. புதிய ஏரியலின் அடித்தகடு காரின் இரும்பைத் தொடாமல் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

ஓடிப்போய்ச் சொன்னேன். "தகட்டுக்கு அடியில வெரல் அகலம் பெயிண்ட்டச் சுரண்டிட்டா தகடு இரும்பத் தொட்டு எர்த்து புடிச்சுக்குங்க. வெளிய தெரியாதுங்க. வந்து ஒருதடவ பாருங்க, காமிக்கிறேன்."

"வண்டியச் சுரண்டுவியா? மம்பட்டி புடிக்கிற கையில வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இனிமே அதத் தொடாத."

திருச்சியிலிருந்து ரேடியோ மெக்கானிக் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை பர்மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்தவருக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். அவர் வண்டியிடம் வந்ததும் நான் கண்டதைச் சொன்னேன். தகட்டைக் கழற்றிப் பார்த்தார். சின்னக் கத்தியால் விரல் அகலம் சுரண்டி, மறுபடி இறுக்கினார். குரல் கணீரென்று வந்தது.

எசமானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

அந்த மனுஷர் நல்லவர். "நான் வந்திருக்கவே வேணாங்க. ஒங்க டிரைவரு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டாரு" என்றார்.

எசமானின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை ஒருவர் 'டிரைவரு' என்று மரியாதையாகச் சொன்னதை அவர் முன்னால் நான் கேட்டுவிட்டேன். அதுதான் என் குற்றம்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டி நின்றதும், "எறங்கி அந்தாண்ட போய் நில்லு" என்றார். இறங்கினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். கருவேல மரத்தடியில் நின்று, உள்ளே அவர் தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பர்மாச் செய்திக்குத் தலையாட்டுகிறாரா, நெல் விலைக்கா, எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதம் கழித்துப் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் தபால்காரர் படித்துச் சொன்னார். தம்பி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்து நாலு மாதம். ஏரியல் முறிவதற்கு முன்னாலேயே அவன் இல்லை. நான் மூச்சுப் பிடித்துக் கேட்ட செய்தியெல்லாம் யாருக்காக என்று அன்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். "கேள்விப்பட்டேன்" என்றார் எசமான். பிறகு, "அரியலூர் ஸ்டேஷனுக்குப் போவணும், வண்டியக் கழுவி வை" என்றார்.

கழுவினேன். ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் கழுவினேன். சாவியை முன்சீட்டில் வைத்துவிட்டு நடந்தேன். போகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் ஆள் அனுப்பவில்லை. பெரம்பலூரில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடுகிற பஸ் ஒன்றுக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே ஏறிக்கொண்டேன்.