கல்யாணப் படங்களை அழிக்கவா?

கட்டுகஸ்தோட்டை ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு நான் ஒரு பேட்ச் ஃபைல், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சின்ன நிரல், எழுதிக் கொடுத்திருந்தேன். கேமரா கார்டில் உள்ள படங்களைக் கணினியில் நகலெடுத்துவிட்டு, கார்டை அழிக்கும்.

இன்று அதன் முதலாளி, நான் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன், நேற்றைய கல்யாணப் படங்களின் ஃபோல்டருக்கு 'ரிஸ்னா & ஃபர்ஹான்' என்று பெயர் கொடுத்தார்.

கறுப்புத் திரையில், 'ஃபர்ஹான்' என்றொரு கட்டளை இல்லை என்று வந்தது. அடுத்த வரியில், எல்லாவற்றையும் அழிக்கவா, Y/N?

நானாவின் விரல் Y மேல்.

"நானா, கையை எடுங்க!"

"எப்பவும் Y தானே தங்கச்சி அமத்துற?"

N அமத்தினேன். படங்கள் தப்பின. & வந்ததும் கணினி கட்டளையை அங்கேயே முடித்து, மீதியை வேறு கட்டளையாக எடுத்துவிட்டது; படங்கள் சரியாக நகலாகவே இல்லை. ஃபைலில் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காதது என் தவறு.

"அப்ப மாப்பிள்ளையத்தான் அதுக்குத் தெரியல்ல," என்று நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசிக்காமலே Y அமத்துகிறவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன்.