ஈஸ்ட் பாட்டில் வெடித்த மதியம்

போன வருடம் மே மாத விடுமுறையில் நடந்தது இது. தாராவியில் எங்கள் வீடு ஒரே அறைதான். அடுப்பு, கட்டில் எல்லாம் அதற்குள்ளேயே. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என் மகள், வெயிலில் வெளியே போக முடியாமல் அலுத்துக் கிடந்தாள். போனில் பார்த்த ஒரு சோதனையை அவளுக்குச் செய்து காட்டினேன். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட். அதன் வாயில் பலூனை மாட்டினோம். கொஞ்ச நேரத்தில் பலூன் தானாக உப்பி எழுந்து நின்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"யம்மா, ஈஸ்ட் மூச்சு விடுதும்மா!" என்று குதித்தாள்.

மறுநாள் காலை, எனக்குத் தெரியாமல் மீதி ஈஸ்ட்டை எல்லாம் சர்க்கரைத் தண்ணீரோடு ஒரு கண்ணாடி ஜூஸ் பாட்டிலில் கொட்டியிருக்கிறாள். பலூன் கிழிந்துபோனதால் மூடியை இறுகத் திருகி, நான் பார்த்துவிடக் கூடாதென்று சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

மதியம் அவள் கட்டிலில் தூங்கியதும், மாவு அரைக்கக் கிளம்பினேன். சந்து முனைக்கு வந்திருப்பேன், பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம்.

"சிலிண்டர் ஃபட் கயா! பாகோ!" என்று யாரோ இந்தியில் கத்தினார்கள். சிலிண்டர் வெடித்துவிட்டதாம், ஓடச் சொன்னார்கள்.

சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகளைத் தேடினேன். இல்லை. நான் உள்ளே ஓடப் பார்க்க, இரண்டு பேர் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். "போவாதீங்க, பக்கத்து வீட்டு சிலிண்டரும் வெடிக்கும்" என்றார்கள். நான் அவர்கள் பிடியிலிருந்து திமிறினேன்.

அப்போது எங்கள் வாசலிலிருந்து எதிர் வீட்டு அக்கா வெளியே வந்தார். ஈரப் போர்வையில் என் மகளை முழுக்கச் சுற்றி, மார்போடு அணைத்திருந்தார். வாசல் சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்று நானும் அந்த அக்காவும் சண்டை போட்டு, முகம் பார்த்துப் பேசியே பல மாதமாகியிருந்தது.

போர்வையை விலக்கினேன். மகள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. "பாட்டில்தாம்மா... ஈஸ்ட் பாட்டில்" என்று விக்கி விக்கி அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சிலிண்டர் அப்படியே இருந்தது. சுவரெல்லாம் நுரை, தரையெல்லாம் கண்ணாடித் துண்டுகள். அவற்றுக்கு நடுவே ரத்தம் தோய்ந்த காலடிகள். அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறார்.

அவரை உட்கார வைத்துப் பாதத்தில் துணி சுற்றினேன்.

"சிலிண்டர்னு நெனச்சா உள்ள போனீய, யக்கா?"

"பொறவு என்னன்னு நெனைக்க? பிள்ள உள்ள கெடந்துச்சுல்லா" என்றார், வலியில் பல்லைக் கடித்தபடி. "நீ மெதுவாக் கட்டுளா."

பக்கத்து கிளினிக்கில் கண்ணாடியை எடுத்துத் தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது. மகள் இப்போதும் சோதனைகள் செய்கிறாள், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

வெடித்தது வெறும் பாட்டில் என்று எங்களுக்கெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அது தெரியாமலேதான் அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.