வேட்டிக்குப் பில் கேட்டார்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் சட்டென்று போகாது. தபாலில் தொலைந்துபோன ஒரு பார்சலுக்கு நஷ்ட ஈடு கேட்டு நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

பார்சலில் இருந்தது ஒரு வேட்டி. என் வீட்டுக்காரர் கட்டிய வேட்டி. அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். மில் பஸ்ஸில் வந்து இறங்கியதும் பேன்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இதைத்தான் கட்டுவார். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டார். கரையோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை. நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை போகவில்லை. மாரடைப்பில் அவர்தான் போனார்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டோம். உறுத்தும். நன்றாக வாழ்ந்த வீட்டுப் பெரியவர் கட்டிய பழைய வேட்டியைக் கிழித்து அதில்தான் முதலில் ஏந்துவோம். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். என் மகளை அவளுடைய தாத்தா வேட்டியில் ஏந்தினோம். அந்தப் பிடிவாதம் அப்படியே வந்து சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் இறந்ததும் அவருடைய துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவருடைய தங்கை அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"செத்தவுக துணிய வீட்டுல வச்சிருக்கக் கூடாது மதினி."

"வச்சிருந்தா என்ன செய்யும்? அவரு வந்துருவாரா? வரட்டும்" என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகள் புனேயில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆனால் ரயில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்து டீச்சர், பொதுத்தேர்வு முடிந்தால்தான் எனக்கு லீவு. "நீ மெதுவா வாம்மா. அப்பா வேட்டிய மட்டும் முன்னாடியே அனுப்பிரு. பிள்ளை முந்திக்கிட்டா என்ன செய்ய?" என்றாள்.

துவைத்துக் காயவைத்து, மடித்து, துணிப்பையில் வைத்துத் தைத்துத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். பழைய வேட்டி என்றேன். சிரித்தார். இன்சூர் செய்துவிடலாமா என்று கேட்டேன்.

"தங்கமா வச்சிருக்கீங்க? பழைய துணிய எவன் எடுப்பான்? மதிப்பு இல்லைன்னு போடுங்க. அதான் பத்திரம்."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பட்டுச் சேலையை மஞ்சப்பையில் சுருட்டி, மேலே நாலு முருங்கைக்காயைப் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். பொருளைக் குறைத்துச் சொன்னால் கள்ளன் கண்ணில் படாது. நானும் இந்த ஊர்க்காரிதானே. 'பழைய துணி, மதிப்பு இல்லை' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

பார்சல் போய்ச் சேரவில்லை. போனில் பார்சல் நம்பரைத் தட்டினால் கொஞ்ச நாள் ஊர் ஊராகக் காட்டியது. அப்புறம் ஓர் இடத்தில் நின்றது. இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது. பிள்ளை முந்திக்கொண்டது. பெண் குழந்தை. பாலிதீன் உறையைக் கிழித்து எடுத்த ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்களாம். மகள் போனில் குழந்தையின் எடையைச் சொன்னாள், நிறத்தைச் சொன்னாள். கடைசியில், "அப்பா வேட்டி வரலம்மா" என்று அழுதாள். பிள்ளை பெற்றவள் அழக் கூடாது என்று அதட்டினேன். போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.

புனேக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் முதல் வேலையாகத் தபால் ஆபீசில் புகார் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்தான். மறுபடி கொடுத்தேன். மூன்றாம் தடவை நான் போட்ட சத்தத்தில்தான் நஷ்ட ஈட்டு ஃபாரத்தை எடுத்து நீட்டினார்கள். அதே கவுன்ட்டர், அதே ஆள்.

"இதோட பில்லு வைக்கணும்மா."

"எதுக்குப் பில்லு?"

"வேட்டிக்கு. வாங்குன பில்லு."

"அது அவரு தீபாவளிக்கு எடுத்தது. அவரே இல்ல. பில்லுக்கு நான் எங்க போக?"

"நீங்கதான மதிப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"எழுதச் சொன்னது யாரு?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். இல்லை, அவரை எதற்கு நான் நல்லவர் என்று எழுத வேண்டும்? வேட்டியைத் தொலைத்தவர் அவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே நின்று கேள்வி கேட்க எனக்கு வேறு முகம் எதுவும் கிடைக்கவில்லை. நான் பணம் கேட்டுப் போகவில்லை. எனக்கு வேட்டி வேண்டும். அது இல்லை என்றால், நாங்கள் தொலைத்துவிட்டோம் என்று யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஃபாரத்தில் இடமே இல்லை.

பல மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஏதோ சொற்பத் தொகை வந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளில் 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. பேனாவை வாங்கி முதல் இரண்டு வார்த்தைகளையும் அடித்தேன்.

"அடிச்சா செல்லாதும்மா. வேற தாள் தாரேன், பேசாமப் போட்டுட்டுப் போங்க. எல்லாரும் போடுறதுதான்."

"எனக்குத் திருப்தி இல்ல. இல்லாததை இருக்குன்னு எப்படிப் போட?"

அவர் அலுப்போடு வேறு தாள் எடுக்கத் திரும்பியதில் கை தட்டிப் பசை டப்பா கவிழ்ந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துத் துடைத்தார். வெள்ளைத் துணி. ஓரத்தில் கரை. அங்கங்கே கறுப்பு.

"அத விரிங்க" என்றேன்.

"எதம்மா?"

"அந்தத் துணிய."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மேசைமேல் விரித்தார். பசையும் முத்திரை மையுமாகக் கிடந்தது. கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தேன். செயின் எண்ணெய்க் கறை இல்லை. வேறு யாரோ கட்டிய வேட்டி.

"இது இல்ல" என்றேன்.

"தொலஞ்சுதான் போச்சும்மா. எங்க ஆளுக தொலைச்சுட்டாங்க" என்றார், மெதுவாக.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? அவர் குரல் அப்படி இறங்கியதில் என் கோபம் கூடத்தான் செய்தது. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். பணம் இன்னும் அங்கேதான் இருக்கும்.

குழந்தை இப்போது நடக்கிறாள். யார் குணம் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது மகள் என்னைப் பார்க்கிறாள். நான் வேறு பக்கம் பார்க்கிறேன். டீக்கடையில் மேசை துடைக்கிற துணி, பஸ்ஸில் டிரைவர் கண்ணாடி துடைக்கிற துணி, எதைக் கண்டாலும் என் கண் ஓரத்துக்குத்தான் போகிறது. ஒரு கறைக்காக அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசினேன். இப்போது அந்தக் கறையைத்தான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன்.