மூன்று எண்ணும் வரை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். படித்தது தொடக்கப்பள்ளி வரைதான். பேசக் கூச்சப்படுகிறேன் என்பதால், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எழுதியாவது கொடுங்கள் என்று வேலை இடத்தில் சொன்னார்கள்.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நான் அட்டெண்டன்ட். ஊசி அறைக்கு நம்பர் கூப்பிடுவதும், திமிறும் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. அப்போது ஊசி போட்டவர் ஸ்டெல்லா மிஸி. நர்ஸை மிஸி என்றே சொல்லிப் பழகியவன் நான். பிள்ளைகளிடம் வலிக்காது என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம்.

ஒருநாள் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா தன் ஆறு வயது மகள் காவ்யாவைக் கூட்டி வந்தார். பள்ளி தொடங்குமுன் போட்டாக வேண்டிய ஊசி. ஏற்கெனவே இரண்டு முறை ஓடிப்போன பிள்ளை. அன்றும் நாற்காலியைக் கட்டிக்கொண்டு எழ மறுத்தாள். வெளியே கூட்டம். அவசரத்தில், "ஊசி இல்லம்மா, வெயிட் மட்டும்தான் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டேன்.

நம்பி உள்ளே வந்தவள் ஊசித் தட்டைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"பொய்! அங்கிள் பொய் சொன்னாரு!"

"பிடிச்சுப் போட்டுடுங்க மிஸி, அழுதா அழட்டும் லா" என்றார் அம்மா.

"இன்னிக்குப் பிடிச்சுப் போட்டா அப்புறம் எந்த ஊசிக்கும் வரமாட்டா" என்ற மிஸி, என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க ஃப்ளூ ஊசி ஃபாரம் எங்க?"

மற்ற ஊழியர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் பயத்தில் மூன்று வாரமாக ஃபாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"காவ்யா, இந்த அங்கிளுக்கும் பயம். முதல்ல அவருக்குப் போடுறேன். வலிக்குதான்னு நீயே கேளு. இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டாரு."

மேசைக்கு அடியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. "கண்ண மூடக்கூடாது அங்கிள்!"

மூடவில்லை. ஊசி இறங்கியது.

"வலிக்குதா?"

இல்லையென்று சொல்லும்படி அம்மா சைகை காட்டினார்.

"வலிக்குது" என்றேன். "மூணு எண்ணுற வரைக்கும்."

காவ்யா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பிறகு நாற்காலியில் ஏறி, ஒரு கையை மிஸியிடமும் மறு கையை என்னிடமும் நீட்டினாள். மூன்றுவரை கத்தி எண்ணினாள். அழுதாள். ஆனால் ஓடவில்லை.

மிஸி ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்பிரிட் வாசம் வந்தால் இன்றும் அவர் ஞாபகம்தான். போன வாரம் என் ஃப்ளூ ஊசிக்குப் புது மிஸி, "வலிக்காது அங்கிள்" என்றார். "வலிக்கும்மா. பரவாயில்ல, போடுங்க" என்றேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லுங்கள்.

எழுதியது: 9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை.