அடுக்கு மல்லி என்று நான் போட்ட படம்

சிங்கப்பூரில் வீட்டுக் காரிடாரில் செடி வளர்ப்பவர்களுக்கான முகநூல் குழு எங்களுடையது. யார் செடி வாடினாலும் முதல் ஆளாகப் பதில் எழுதுபவர் செம்பவாங் சாந்தி அக்கா. அவரை நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். அன்று அவர் கொடுத்த அடுக்கு மல்லிக் கன்றைத் தண்ணீர் ஊற்றாமல் இரண்டே வாரத்தில் சாகடித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. தேக்கா சந்தையில் ஒரு சாதாரண மல்லிச் செடியை வாங்கி, அது பூத்ததும் படமெடுத்து, "அக்கா கொடுத்த செடி" என்று குழுவில் போட்டேன். அக்கா ஓர் இதயம் மட்டும் போட்டார்.

போன மாதம் அவர் திடீரென்று இறந்துபோனார். அவர் எங்களில் பலருக்கும் கொடுத்திருந்த செடிகளிலிருந்து ஆளுக்கொரு பூ கொண்டுபோய் அவர் படத்தின்முன் வைப்பதென்று குழுவில் முடிவானது. செங்காங்கிலிருந்து நானும் டப்பாவில் மல்லியோடு அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பார்த்ததும் பூவை வைக்க மனம் வரவில்லை.

அக்காவின் கணவரிடம், "அண்ணே, இது அக்கா குடுத்த செடியில பூத்தது இல்ல. அது செத்துப்போச்சு" என்றேன்.

"தெரியும்மா. ஃபோட்டோவ பாத்ததுமே, 'இது ஒத்த இதழ் லா, என் செடி இல்ல'ன்னு சொன்னா. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டா."

காரிடாருக்கு அழைத்துப்போய் ஒரு தொட்டியைக் காட்டினார். அடுக்கு மல்லி, முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மண்ணில் செருகியிருந்த ஐஸ்கிரீம் குச்சியில் என் பெயர் வெயிலில் பாதி வெளுத்திருந்தது.

"நீங்களே வந்து கேப்பீங்கன்னு வெச்சிருந்தா" என்றார்.

உண்மையைச் சொல்லியிருந்தால், அதை அக்கா கையாலேயே வாங்கியிருப்பேன்.